அந்தப் படத்தைப் போடாதீர்கள், தோழர்களே

(திருத்தணியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்த மலையின் 365 படிகளில் எத்தனையோ மணமக்கள் ஏறி இறங்குகிறார்கள். உற்றார் உறவோடு வருபவர்கள் மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்து உடனே ஸ்டேட்டஸ் வைக்கலாம். சாதி மறுத்து மணப்பவர்களுக்கு அந்த ஒரு படமே ஆபத்தாகலாம்.

2015 ஜூன் 23 அன்று தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. யார் யாரோடு போகிறார்கள் என்று வேவு பார்க்கும் சாதிவெறிக்கு நாமே தகவல் கொடுக்கலாமா?

ஆனால், நாமும் அதைத்தான் செய்கிறோம். சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்த பெருமிதத்தில், மணமக்கள் பெயர், ஊர், படம் எல்லாவற்றையும் அன்றைக்கே முகநூலில் போட்டுவிடுகிறோம். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் 30 நாள் அறிவிப்பு உண்டு. அண்ணா அரசு 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தில் அது இல்லை. அந்தத் திருமணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு தேவையில்லை, குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சுபவர்களை அப்படிக் கட்டாயப்படுத்தினால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்னொன்று கைபேசி. நகரிக்குப் போனால் மாநிலம் மாறும். பையில் இருக்கும் கைபேசி மாறாது. அதில் இருப்பது அண்ணன் போட்டுக்கொடுத்த ஜிமெயில் கணக்கு என்றால், நீங்கள் இருக்கும் இடத்தை அவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வங்கிக் கணக்கில் அப்பாவின் எண் இருந்தால், பணம் எடுத்த செய்தி அவருக்குத்தான் போகும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் உரையாடல் வேறொரு கணினியிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். கிளம்புவதற்கு முன்பே இவற்றைச் சரிசெய்யுங்கள். வழக்கறிஞரின் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதைக் காப்பது கோழைத்தனம் அல்ல. திருமணத்தை ஊரறியச் சொல்லும் நாளை மணமக்களே முடிவு செய்யட்டும். அதுவரை படம் நம் கைபேசியில்கூட இருக்க வேண்டாம்.

ஜெய்பீம்!