தாபகர் என்னும் சொல்



தாபகர் தினத்தில் பேசும்படி சங்கத்தார் கேட்டபோது, அந்தச் சொல்லையே பேச்சுப் பொருளாக எடுத்துக்கொண்டேன். 'ஸ்தாபகர்' என்ற வடசொல்தான் தமிழில் 'தாபகர்' ஆயிற்று. 'ஸ்தா' என்றால் நிற்றல். நிற்கச் செய்பவர் ஸ்தாபகர். நாங்கள் தமிழில் சொல்லும் 'நிறுவுநர்' என்பதும் 'நில்' என்ற அடியிலிருந்தே வருகிறது. மொழிகள் இரண்டு, பொருள் ஒன்று.

ஆங்கிலத்தின் 'ஃபவுண்டர்' வேறு வழியில் வந்தது. 'ஃபண்டஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு அடி என்று பொருள். அடித்தளம் இட்டவர் ஃபவுண்டர். வைத்தியர்களுக்கு இது பழகிய சொல். ஆனால் கர்ப்பப்பையின் உச்சியைத்தான் நாங்கள் ஃபண்டஸ் என்கிறோம்! கிளினிக்கில் மருத்துவமாது நாடா பிடித்து அளப்பது அதைத்தான். வாய்ப்பக்கமிருந்து பார்த்தால் அதுவே பையின் அடி என்பதால் அந்தப் பெயர்.

எனக்குத் தமிழ்ச் சொல்லே பிடித்திருக்கிறது. சாதாரண தரக் கணித வினாத்தாளில் 'என நிறுவுக' என்று வருமே, அதுவும் இதே சொல்தான். முதல் வரியை எழுதினால் மட்டும் புள்ளி கிடைக்காது.

உடுவிலில் 1824 இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்சுலோ அம்மையார் 1833 இல் காலமாகிவிட்டார். அதன் பிறகும் அந்தப் பாடசாலையை இன்றுவரை நிற்கச் செய்தவர்கள் வேறு பலர்.

எங்கள் பாடசாலைக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. கட்டடம், மணி, ஆய்வுகூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனோம். ஓர் ஆசிரியை தன் உடுப்புப் பையோடு எங்கள் வரவு இடாப்பையும் கொண்டுவந்திருந்தார். தென்மராட்சியில், இன்னொரு பாடசாலையில், பின்னேர வகுப்பில் அந்த இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். பதில் வராத பெயர்களையும் அவர் வெட்டவில்லை.

ஆண்டுதோறும் இந்த மேடையில் தாபகர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அந்த மாதங்களில் படிப்பித்த ஆசிரியைகளின் பெயர்களையும் அவற்றோடு சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதனால் தாபகரின் மதிப்புக் குறையும் என்று சிலர் நினைக்கலாம். சொல்லின் பொருளைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த ஆசிரியைகளில் மூவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள்.