எடுப்பதற்கு முன் ஒரு லூப்

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பெண்களுக்கு மாதவிடாய் நாட்கணக்கு மறக்காது. எத்தனை நாள் தொழுகை இல்லை, றமழானில் எத்தனை நோன்பைக் கழாச் செய்ய வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வார்கள். எவ்வளவு உதிரம் போகிறது என்ற கணக்குத்தான் வாயில் வராது. மருதமுனையில் தறியில் உட்காரும் பெண் இரண்டு பேட்களை ஒன்றாக வைத்துக்கொள்வார். கருப்பு அபாயாவில் கறை தெரியாது என்ற துணிவில் சந்தைக்குப் போவார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மட்டும் டொக்டரிடம் சொல்வார்.

ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு என்று பழைய பாடநூல்கள் எழுதின. வீட்டில் யார் அளப்பது? பெண்ணின் அன்றாட வாழ்க்கையை அது குலைக்கிறதா என்பதையே இப்போது வைத்தியர்கள் கேட்கிறார்கள். மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்தாலும், கட்டி கட்டியாகப் போனாலும், ஏழு நாளைத் தாண்டினாலும் காட்டியே ஆக வேண்டும்.

காட்டினால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அந்தச் சத்திரசிகிச்சைக்கு முன்னால் வேறு வழிகள் இருக்கின்றன. உதிரம் போகும் நாட்களில் மட்டும் விழுங்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் அவற்றில் ஒன்று. ஜப்பானில் உதாக்கோ ஒகமோத்தோவும் அவருடைய கணவரும் 1962இல் அறிவித்த மருந்து அது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் நின்றவர் அந்த அம்மையார். காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியானவர்கள் இந்த மருந்தைத் தொடங்குமுன் அதை டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நேயர்கள் கூடுதலாக அறிய வேண்டியது ஹோர்மோன் லூப்பைத்தான்.

ஆங்கில எழுத்து ‘டீ’யின் வடிவம், 32 மில்லிமீற்றர் நீளம். உள்ளே 52 மில்லிகிராம் லெவோநோஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன். பின்லாந்து வைத்தியர் தபானி லூக்கைனன் முன்னின்று உருவாக்க, 1990இல் அந்த நாட்டில் பாவனைக்கு வந்தது. வெட்டும் இல்லை, தையலும் இல்லை; கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் கர்ப்பப்பைக்குள் வைத்துவிடுவார்கள். கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிய, உதிரமும் குறையும்.

“மிஸ், லூப் வைத்தால் கூடத்தானே போகும்?” கிளினிக்கில் எழும் இந்தக் கேள்வி நியாயமானது. குடும்பத்திட்டத்துக்கு வைக்கும் செம்பு லூப் சிலருக்கு உதிரத்தைக் கூட்டும். ஹோர்மோன் லூப் செய்வதோ நேர் எதிர். பின்லாந்தில் 236 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லூப், மறு பிரிவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் சத்திரசிகிச்சை என்று ஒப்பிட்டார்கள். ஐந்து வருடங்களில் லூப் பிரிவிலும் 42 சதவீதத்தினர் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். மற்றவர்கள் கர்ப்பப்பையோடு வீட்டில் இருந்தார்கள். இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வித்தியாசமில்லை. செலவு லூப் பிரிவில் குறைவு.

ஒரு சிக்கல் உண்டு, இந்தக் கரையோரத்தில் அதை மறைக்கவே கூடாது. தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வரை சொட்டுச் சொட்டாகக் கறை படலாம். தொழுகையும் நோன்பும் என்னாவது என்று கலங்கி, பலன் தெரியுமுன்பே கழற்றச் சொல்லத் தோன்றும். ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளு என்னும் மாதவிடாய் ஆகக்கூடியது 15 நாள். அதைத் தாண்டுவது இஸ்திஹாளா, அதாவது மாதவிடாயல்லாத உதிரம்; அப்போது தொழுகையும் நோன்பும் கடமைதான். லூப் வைக்கும் முன்பே ஓர் ஆலிமாவிடம் கேட்டு வைத்தால் அந்த மாதங்களைக் கடப்பது இலகு.

மீதியைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், நேரம் நெருங்குகிறது. உள்ளே கமராக் குழாய் விட்டு, பொலிப் என்ற சதை வளர்ச்சியை அகற்றலாம். இனிப் பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு உட்சவ்வைச் சூடாக்கி அழிக்கும் முறை உண்டு. ஃபைப்ரொயிட் கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைக்கும் முறையை பிரான்சின் ரவினா குழுவினர் 1995இல் அறிவித்தார்கள். எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் பார்த்து வீ.ஓ.ஜி. என்ற மகப்பேற்று, பெண் நோயியல் வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். 45 வயதுக்கு மேல் உட்சவ்வில் சிறு துண்டெடுத்துப் பார்க்கச் சொன்னால் மறுக்க வேண்டாம்.

எம்.ஓ.எச். எனும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை ஆதார வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துத் திரும்ப உதிரம் கண்டால், துளியாக இருந்தாலும், அந்தக் கிழமையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.