கண்ணாடிக் கையும் மாத்திரைக் கணக்கும்



காரைக்கால் அம்மையார் இறைவனை வேண்ட, மாங்கனியொன்று அவர்தம் அங்கையில் வந்து அமர்ந்தது என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. அம்மையார் பிறந்த இவ்வூரில் கையின் பெருமையைப் பேசுவது பொருந்தும். ஆயினும் இங்குப் பேசப்படுவது கையின் துன்பம். தந்தியாளர்தம் கையின் துன்பம்.

தமிழிலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் வகுத்தது. மோர்சு முறையோ புள்ளிக்கு ஓர் அளவும் கோட்டுக்கு மூன்றளவும் வகுத்தது. பாவலர் செவி தவறினால் தளை தட்டும். தந்தியாளர் கை தவறினால் செய்தியே மாறும். பன்னாட்டு மோர்சு முறையில் 5 என்னும் எண்ணுக்கு ஐந்து புள்ளிகள். ஐந்து முறையும் மணிக்கட்டு மேலும் கீழும் அசைந்தாக வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் இவ்வாறு உழைத்த கை ஒருநாள் சொன்னபடி கேளாது. விரல்கள் இறுகும், எழுத்துகள் சிதையும். அமெரிக்கத் தந்தியாளர் இதனைக் 'கண்ணாடிக் கை' என்றனர். பிரித்தானியா 1908இல் இதனை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. ஆனால் 1911இல் அந்நாட்டுக் குழுவொன்று, கைக்களைப்போடு தந்தியாளரின் நரம்புத் தளர்ச்சியையும் காரணமாகக் காட்டியது. நொந்தவர் மீதே பழியும் விழுந்தது!

அமெரிக்கரான ஒரேசு மார்ட்டின் பழியைக் கருவியின் பக்கம் திருப்பினார். 1904இல் அவர் காப்புரிமை பெற்ற 'வைப்ரோபிளெக்ஸ்' கருவியில் கை பக்கவாட்டில் அசைந்தது. கட்டைவிரல் ஒருமுறை அழுத்தினால், எடை தாங்கிய எஃகு வில் அதிர்ந்து புள்ளிகளைத் தானே தொடுக்கும். விரலை எடுத்தால் நிற்கும். எடையை நகர்த்தி வேகத்தை மாற்றலாம். ஐந்து அசைவு ஒன்றாயிற்று. தந்தியாளர் பலர் தம் சொந்தப் பணத்தில் அதனை வாங்கிப் பணிக்கு எடுத்துச் சென்றனர்.

கோடுகளை மட்டும் மற்றொரு விரல் ஒவ்வொன்றாக இடவேண்டியிருந்தது. அதனால் அவரவர் கைப்போக்கு மறையவில்லை. தொலைவிலிருந்தோர் ஒலி கேட்டே, அடிப்பவர் இன்னார் என அறிந்தனர். யாப்பு பாவலரின் சுமையைத் தாங்கினும் குரல் அவருடையதாகவே நிற்பதும் இவ்வாறே.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறைவுற்றது. தந்தி என்றாலே வீடு நடுங்கிய காலம் ஒன்றுண்டு. செய்தியைப் படித்து அழுதோர் பலர்; அதனை அடித்த கையை நினைந்தோர் சிலர். அந்தக் கைக்கும் பாவலர் நெஞ்சில் இடம் உண்டாகுக!