பிந்தி வந்த மாணவி



பாலே நடனத்திலே 'பிருவெட்' என்றொரு சுழற்சி உண்டு. ஆடுபவர் ஒற்றைக்கால் நுனியிலே எழுந்து நின்று சுழல்வார். உடல் திரும்பத் தொடங்கினாலும், பார்வை எதிரேயுள்ள ஒரு புள்ளியிலேயே தரித்திருக்கும். இனித் தாங்காது என்ற கணத்திலே தலை வெடுக்கெனத் திரும்பி, உடலை முந்திக்கொண்டு அதே புள்ளியை மீண்டும் பற்றிக்கொள்ளும். அது பிசகினால் தலை கிறுகிறுக்கும், உடல் சரியும். பிள்ளைகள் சிறு வயதிலேயே பழகி உடம்பில் ஏற்றிக்கொள்ளும் இந்த வித்தையை, வளர்ந்தபின் கற்க வருபவர் புத்தியால் உடனே விளங்கிக்கொள்வார். உடம்புதான் சொற்கேளாது.

அவ்வாறு பிந்தி வந்த மாணவி ஒருவரைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

அமெரிக்க நாவலாசிரியர் ஸ்கொட் பிட்ஸ்ஜெரல்டின் மனைவி ஸெல்டா. 1900இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது கற்றுக் கைவிட்ட பாலேயை, 1928இல் பாரிஸ் நகரிலே, 28 வயதை எட்டும் வேளையில் தீவிரமாகப் பயிலத் தொடங்கினார். குருவோ ருஷ்யாவின் மரீன்ஸ்கி அரங்கில் ஆடிய லியுபோவ் எகரோவா. நாள்தோறும் பல மணிநேரம் வெறிகொண்டு பயின்றார் ஸெல்டா. பிரபல எழுத்தாளரின் மனைவி என்பதற்கு அப்பால், தமக்கென ஒன்று வேண்டுமென்ற தவிப்பு அது. 1929இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள சான் கார்லோ பாலே குழுவிலிருந்து அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. 1930இல் மனம் நிலைகுலைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். முதல்தர நர்த்தகியாவதற்கு ஸெல்டா பிந்திவிட்டார், ஆயினும் நல்ல நர்த்தகியாகலாம் என்பதே குருவின் கணிப்பாக இருந்தது.

1932இல், பால்ற்றிமோர் வைத்தியசாலை ஒன்றில் இருந்தவாறே, 'சேவ் மீ த வோல்ட்ஸ்' என்ற நாவலை அவர் எழுதி முடித்தார். அதன் நாயகி அலபாமா. ஸெல்டா போகாத நேப்பிள்ஸுக்கு அவள் போகிறாள், மேடையிலும் ஆடுகிறாள். ஆனால் பாதத்துப் புண்ணில் விஷமேறி, இனி ஒருபோதும் ஆட முடியாதவளாகிறாள்.

நேயர்களே, வாழ்விலே தமக்குக் கிட்டாத வெற்றியைத் தம் நாயகிக்குச் சூட்டி மகிழ எழுத்தாளருக்கு ஒரு வரி போதும். ஸெல்டா அந்த வரியை எழுதவில்லை. பயிற்சிக்கூடத்து நிலைக்கண்ணாடி ஒருவருக்கும் முகமன் கூறுவதில்லை. அதன் முன்னே நின்று பழகியவரின் நேர்மை அது. நாவல் அன்று ஏறத்தாழ 1,400 பிரதிகளே விற்பனையாயிற்று. 1948இல் வைத்தியசாலைத் தீவிபத்தொன்றில் ஸெல்டா மாண்டார். நாவல் இன்றும் வாசிக்கப்படுகிறது. உடம்பு பிந்திக் கற்றதை எழுத்து மறக்கவில்லை.