கதை கேட்க வரும் பிள்ளைகள்
(ஆதரவாளர் கூடுகையில் அளித்த உரை)



ஆஸ்பத்திரிக்காக ஜெபித்தும் கொடுத்தும் வருகிற உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கிறீர்கள்: "மருந்துக்கே பணம் போதாதபோது, பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஏன் ஆள் அனுப்புகிறீர்கள்?" நியாயமான கேள்வி. இன்று அதற்கே பதில் சொல்ல விரும்புகிறோம்.

இந்த மண்ணுக்கு இது புதிய ஊழியம் அல்ல. கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து வந்த ஜோசப் பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று அழைக்கிறவர் (1680–1747), அங்கே தங்கி ஊழியம் செய்தார். அரியலூர்ப் பாளையக்காரருக்கு வந்த ராஜபிளவை அங்கே குணமானதாகவும், அந்த நன்றிக்காக அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்ததாகவும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அவர் தேம்பாவணி என்னும் காப்பியம் பாடினார், அது கற்றவர்களுக்கு. ஆனால் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனுக்குச் சொல்வது அவருடைய பரமார்த்த குரு கதையை. 1822-ல் லண்டனில் அச்சான அந்தக் கதையில், அசட்டுக் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் அழுகிறார்கள். குருவானவர் ஒருவரே குருவைப் பார்த்துச் சிரிக்க வைத்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. கதை சொல்ல வருகிறவர் தம்மைப் பெரியவராக்கிக்கொள்ளாவிட்டால்தான் பிள்ளைகள் கிட்டே வருவார்கள்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்து முடித்த பின், பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கையும் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ வயிற்றுப்போக்கு வந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. எண்ணிக்கை தவறிய சீடனை நினைத்துக்கொண்டு பிள்ளைகள் கவனமாய் எண்ணுகிறார்கள். தாயும் தகப்பனும் வெங்காயக் காட்டுக்கும் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் போய்விட்ட வீட்டில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு பத்து வயது அக்காள்தான். குழந்தையின் உடம்பில் நீர் வற்றினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். சுவரொட்டி அந்த அக்காளுக்கு எட்டாது, கதை எட்டும்.

வேதாகமக் கதைகளையும் சொல்கிறோம், மறைப்பதில்லை. நல்ல சமாரியன் கதையைக் கேட்கிற பிள்ளை, அடிபட்டவன் எந்த ஊர், எந்த ஜாதி என்று அந்தச் சமாரியன் விசாரிக்கவில்லை என்பதைத் தானே கண்டுகொள்கிறது. அவன் காயம் கட்டியதோடு நிற்காமல், சத்திரக்காரனிடம் செலவுக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போனான். அன்பானவர்களே, அந்த இடத்தில் நாங்கள் உங்களை நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு காரியத்தில் உறுதியாயிருக்கிறோம். கதை ஒரு தூண்டில் அல்ல. மிட்டாய் காட்டிப் பிள்ளைகளைக் கூட்டுவதில்லை. பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையையும் உட்கார வைப்பதில்லை. திண்ணையிலோ மரத்தடியிலோ, பெரியவர்கள் பார்க்கிற இடத்தில்தான் கூடுகிறோம். பெயர் எழுதி வாங்குவதில்லை. கதை கேட்டதற்காக ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் முன்னுரிமை இல்லை. கேளாததற்காக ஒருவரும் பின்தள்ளப்படுவதும் இல்லை. அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அடுத்த முறை குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது தாய் நம் வாசலுக்கு வரத் தயங்குவாள். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது குழந்தை.

ஆகவே இந்த ஊழியத்துக்குப் பெரிய செலவில்லை. ஒரு பாய், ஒரு படச்சுருள், பஸ் கட்டணம், பொறுமையுள்ள ஒருவர், அவ்வளவே. பிள்ளைகள் சொல்லும் கதைகளையும் கேட்க அவருக்குக் காது வேண்டும். வீட்டில் இருக்கும் நோயும் பசியும் பல வேளை அப்படித்தான் நமக்குத் தெரிய வருகின்றன.

இதற்காக ஜெபியுங்கள். உங்கள் சபையில் நன்றாகக் கதை சொல்லும் பாட்டியோ, ஞாயிறு பள்ளி ஆசிரியரோ இருந்தால், சில நாட்களுக்கு எங்களோடு அனுப்பி வையுங்கள்.