துப்பாக்கியைக் காட்டும் படங்களும் நாமும்



துப்பாக்கியால் நேர்ந்த கொடுமைகளைக் காட்டும் ஆவணப்படங்கள் நம் மனத்தை எவ்வாறு தம் பக்கம் இழுக்கின்றன என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

ஆவணப்படம் என்பது நடிகர்களை வைத்துக் கட்டிய கதை அன்று. நடந்த நிகழ்ச்சிகளையும் உண்மையான மனிதர்களையும் கொண்டு ஆக்கப்படுவது. அதனாலேயே நாம் அதை எளிதில் நம்பிவிடுகிறோம். சினிமாவில் ஒருவன் சுடப்பட்டு விழுந்தால், "இது நடிப்பு" என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆவணப்படத்தில் ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்டாலோ நெஞ்சு பதறுகிறது. யார் மீதோ கோபம் மூள்கிறது. அந்தக் கோபம் யார் மீது மூள வேண்டும் என்பதைப் படம் எடுத்தவர் முன்னரே தீர்மானித்திருக்கலாம். அதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இது எங்கோ வெளிநாட்டு விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் தோட்டங்களுக்கே வந்த விவகாரம் இது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நம் கேமரன் மலையைச் சூழ்ந்த காடுகளும் அதற்குக் களமாயின. பொதுமக்கள் மட்டும் 2,400 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தோட்டத்து மக்கள் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே வாழ்ந்த காலம் அது. காட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் மிரட்டினர். காவலுக்கு வந்தவர்கள் மறுபக்கம் சந்தேகித்தனர்.

அந்தக் காலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் வந்து, திறந்த வெளியில் திரை கட்டிப் படம் காட்டின. அப்படங்களை ஆக்கியது 1946இல் தொடங்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு. பின்னாளில் பிலேம் நெகாரா என்று பெயர் பெற்றது அதுவே. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அதன் படங்கள் பேசின. செலவில்லாமல் படம் பார்க்கக் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? போனவர்கள் படத்தோடு ஒரு கருத்தையும் வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அக்கருத்து சரியா தவறா என்பது வேறு கேள்வி. அது எந்த வழியாக நம் மனத்துக்குள் நுழைந்தது என்பதே இன்று நம் கேள்வி.

முதல் வழி, பெயர் சூட்டுதல். துப்பாக்கி ஏந்திய ஒருவனைப் 'போராளி' என்றால் ஒரு முகம் தெரிகிறது. 'கொள்ளைக்காரன்' என்றால் வேறு முகம் தெரிகிறது. அவசரகாலத்தின் தொடக்கத்தில் அரசாங்கம் காட்டிலிருந்தவர்களைக் 'கொள்ளைக்காரர்' என்றே குறிப்பிட்டது. 1952இல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்று சொல்லை மாற்றியது. ஆட்கள் மாறவில்லை, பெயர்தான் மாறியது. பன்னிரண்டு ஆண்டு நடந்த சண்டையைப் 'போர்' என்று சொல்லாமல் 'அவசரகாலம்' என்று சொன்னதும் பெயர் சூட்டுதலே.

இரண்டாம் வழி, குரல். பழைய செய்திப்படங்களில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்; அவர் முகம் தெரியாது. கணீரென்ற குரலில், தயக்கமே இல்லாமல், வானத்திலிருந்து சொல்வதுபோல் சொல்வார். திரையில் தெரியும் தொழிலாளியின் வாய் அசையும். அவர் சொல் நம் காதில் விழாது. அவருக்காக அந்தக் குரல் பேசும். "இவர்கள் இப்போது நிம்மதியாக இருக்கிறார்கள்" என்று குரல் சொன்னால், அந்த முகத்தில் நிம்மதி இருப்பதாகவே நமக்கும் தோன்றும். பின்னணி இசை இதற்குத் துணை செய்கிறது. முரசு அதிர்ந்தால் அச்சம், குழல் இசைத்தால் அமைதி.

மூன்றாம் வழி, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பது. இதற்குத் தமிழர் ஒருவரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. அது வழியில் கிடைத்தது, காவல் துறையிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றேன் என்பது அவர் தரப்பு. இப்போது ஒரு மேசை மீது கிடக்கும் அந்தத் துப்பாக்கியைப் படம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அடுத்து எரிந்த லாரியைக் காட்டினால் அது கொலைக் கருவி. அடுத்து கணபதி தொழிலாளர் கூட்டத்தில் பேசுவதைக் காட்டினால் அது வீண்பழியின் சின்னம். துப்பாக்கி ஒன்றுதான், பக்கத்துப் படம்தான் வேறு.

இந்த வித்தையை அரசாங்கங்கள் மட்டும் கையாள்வதில்லை. நல்ல நோக்கமுள்ளவர்களும் கையாள்கிறார்கள். அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 1999 ஏப்ரல் 20ஆம் நாள் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியால் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். அதை வைத்து மைக்கேல் மூர் 2002இல் 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' என்ற படத்தை எடுத்தார். அது ஆஸ்கார் பரிசும் பெற்றது. துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் தலைவரான நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன், துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து, தாம் இறந்த பிறகுதான் இதைத் தம் கையிலிருந்து பறிக்க முடியும் என்று முழங்கும் காட்சி அதில் வருகிறது. பள்ளியில் நடந்த துயரத்தை அடுத்து அக்காட்சியும், உடனே டென்வர் நகரில் அச்சங்கம் கூடிய காட்சியும் வருகின்றன. பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும்? பிள்ளைகளைப் புதைத்த ஈரம் காயுமுன் அவர் அங்கே போய் முழங்கினார் என்றே தோன்றும். டென்வர் கூட்டம் நடந்தது உண்மை. அவர் அங்கே பேசியதும் உண்மை. ஆனால் துப்பாக்கியை உயர்த்தி முழங்கியது ஓராண்டு கழித்து, வேறொரு நகரில். இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைத்ததால், நடக்காத ஒன்று நடந்ததுபோல் மனத்தில் பதிந்தது. துப்பாக்கிக் கொலைகள் குறைய வேண்டும் என்று நாமும் விரும்புகிறோம். அதற்காக இந்த ஒட்டுவேலையைக் கவனியாமல் விட வேண்டியதில்லை.

நான்காம் வழி, விட்டுவிடுதல். கொழுந்து பறிப்பவர் செடி முழுவதையும் கூடையில் போடுவதில்லை; இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து எடுக்கிறார். படம் எடுப்பவரும் அப்படித்தான். 1950இல் பிரிக்ஸ் திட்டம் தொடங்கிய பின், சுமார் ஐந்து லட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டக் குடியிருப்புகளும் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. புதிய வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் மருந்தகத்தையும் காட்டும் படங்கள் வந்தன. அவை பொய்யல்ல. ஆனால் விடியற்காலையில் வந்து சூழ்ந்த இராணுவம், கொளுத்தப்பட்ட குடிசை, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, வாசலில் நின்று உடலைத் தடவிச் சோதித்த சோதனை ஆகியவை அத்தகைய படங்களில் அதிகம் இடம்பெறவில்லை.

விட்டுப்போனது எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்குப் பத்தாங் காலி ஒரு சான்று. 1948 டிசம்பரில் அங்குள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படைவீரர்கள் சுட்டுக் கொன்றனர். தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பதே அரசாங்கம் சொன்ன செய்தி. 1970இல் அப்படைவீரர்களில் சிலர் வேறுவிதமாக வாய் திறந்தனர். 1992இல் பிபிசி நிறுவனம் ஓர் ஆவணப்படத்தில் அவர்களையும் உயிர் தப்பிய கிராமத்து மக்களையும் பேச வைத்தது. அந்த மக்களின் குரல் உலகத்தின் காதில் விழ 44 ஆண்டு ஆயிற்று. விசாரணை நடத்தியே தீர வேண்டிய கடமை அரசாங்கத்துக்கு இல்லை என்று 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் மறைந்து கிடந்த ஒரு கேள்வியை உலகின் முன் வைத்ததில் அப்படத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே ஆவணப்படம் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குவதும் தவறு. மனத்தைத் தொடுவது குற்றமன்று. தொட்டபின் நம்மைச் சிந்திக்க விடுகிறதா, விடாமல் இழுத்துச் செல்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது படவண்டி வருவதில்லை. கைத்தொலைபேசியே படவண்டி ஆகிவிட்டது. எங்கோ நடந்த துப்பாக்கிச் சூடு, ஒரு பாட்டும் ஒரு குரலும் சேர்ந்து, கம்போங் ராஜாவில் நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கிறது. பார்த்த சூட்டில் ஓர் இனத்தையோ ஒரு சமயத்தையோ வெறுக்கத் தொடங்கிவிட்டால், அந்த வெறுப்பை மாற்றுவது கடினம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றார்கள் நம் பெரியவர்கள்.

எனவே குடும்பமாக உட்கார்ந்து ஒரு பயிற்சி செய்வோம். அத்தகைய படம் ஒன்று வந்தால், முதலில் ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறை பார்ப்போம். பிறகு ஒலியோடு பார்ப்போம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே குரலும் இசையும் செய்த வேலை. அதன்பின் பிள்ளைகளிடம் நான்கு கேள்விகள் கேட்போம். இந்த மனிதருக்கு இந்தப் பெயரைச் சூட்டியது யார்? பேசும் குரல் யாருடையது? இந்தக் காட்சியும் அடுத்த காட்சியும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடந்தவையா? இதில் பேசாதவர் யார்?

கடைசிக் கேள்வி நமக்கு மிகவும் உரியது. அவசரகாலப் படங்களில் தோட்டத்து மக்களின் முகங்கள் உண்டு. அவர்களுக்காகப் பேசியது வேறொருவரின் குரல். முள்வேலிக்குள் வளர்ந்த பாட்டிமார், தாத்தாமார் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டு, ஊர், ஆண்டு, பெயர் ஆகிய விவரங்களோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். நாளை யாரேனும் நம் தோட்டங்களைப் பற்றிப் படம் எடுக்க வந்தால், நம் கதையைச் சொல்ல நம் குரலே இருக்கட்டும்.