தண்ணீரும் இறங்காதபோது



சோறு நெஞ்சை அடைத்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரே நெஞ்சில் நின்றுவிட்டால்? அகலேசியா என்னும் நோயில் நடப்பது அதுதான். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை உண்டு. விழுங்கும்போது அது தளர வேண்டும். தளரச் சொல்லும் நரம்புச் செல்கள் அழிந்துபோனால் தசை இறுகியே இருக்கும். சாப்பிட்டது மேலேயே தேங்கும். படுத்தால் வாய்க்குத் திரும்பும், இருமல் வரும், உடம்பு இளைக்கும்.

ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் இது வருகிறது. அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. நெஞ்செரிச்சல் என்று எண்ணி வருடக்கணக்கில் அமில மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரை இறங்குவதே பெரும்பாடு! ஒரு துப்பு சொல்கிறேன். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் கெட்டி உணவுதான் முதலில் சிக்கும், நீர் பிறகுதான். அகலேசியாவில் பலருக்கு இரண்டுமே தொடக்கத்திலிருந்து சிக்கும். எதுவானாலும் எண்டோஸ்கோபி பார்த்தாக வேண்டும். அகலேசியாவை உறுதிசெய்வது, குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி.

இதற்கான வைத்தியத்தின் கதை பழையது. 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய குறிப்பில், திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, தின்றதைத் தானே உள்ளே தள்ளிக்கொண்ட ஒரு நோயாளி வருகிறார். பல ஆண்டுகள் அப்படியே காலம் தள்ளினாராம். 1913-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்த வளையத் தசையையே வெட்டினார். இன்றும் வெட்டுவது அதே தசையைத்தான். அங்கே போய்ச் சேரும் வழிதான் மாறியது. 1990-களில் வயிற்றில் சில சிறு துளைகளே போதும் என்றானது. 2008-இல் ஜப்பானின் ஹாருஹிரோ இனோவே வாய் வழியாகவே போனார். முழு மயக்கத்தில் எண்டோஸ்கோப்பை இறக்கி, உணவுக்குழாயின் உட்சவ்வில் சிறு கீறல் போடுகிறார்கள். சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் குடைந்து, தசையை வெட்டி, கீறலைக் கிளிப்பால் மூடிவிடுகிறார்கள். போயம் என்பது இதன் பெயர்.

வெளியே தழும்பே இல்லை என்றதும் மயங்கிவிட வேண்டாம். 2019-இல் வெளியான ஆய்வில் 221 பேரில் போயத்தையும் வயிற்றுத் துளைவழி அறுவையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரண்டிலுமே 80 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோர் நலமாக இருந்தார்கள். ஆனால் அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது போயம் செய்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு. துளைவழி செய்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு. துளைவழியில் இரைப்பையின் மேற்பகுதியை மடித்துத் தைத்து அமிலத்துக்குத் தடுப்பு வைக்கிறார்கள். போயத்தில் வழக்கமாக அது இல்லை.

எது ஏற்றது என்பது நோயின் வகையையும் பொறுத்தது. அதனால் மருத்துவரிடம் முதலில், "எனக்கு வந்திருப்பது எந்த வகை அகலேசியா?" என்று கேளுங்கள். உணவுக்குழாய் வலிப்புபோல் இழுத்துச் சுருங்கும் மூன்றாம் வகையில், தசையை இன்னும் மேலே வரை வெட்ட முடிவதால் போயமே பெரும்பாலும் கைகொடுக்கிறது.